வாய்ப்பூட்டு விதி

காலை ஆறு மணிக்கு, பணி முடித்த யூஜினிடமிருந்து நிர்வாகித் திறவுகோலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் ஜெசிந்தா முதலில் தீர்த்துவைத்தது ஒரு சம்மந்திச் சண்டையை. ஆறாம் கூடத்து அம்மாள் ஒருத்தி, தன் சம்மந்தி பேசுவது ஒரு வாரத்துக்குத் தன் காதில் விழவே கூடாது என்று விண்ணப்பம் போட்டிருந்தாள். காரணம் கேட்ட கட்டத்தில் ‘அவ வாய்’ என்று மட்டும் இருந்தது. ஜெசிந்தா சிரித்துக்கொண்டே அணுகல் விதியில் இரண்டு பெயரையும் சேர்த்து, ஏழு நாள் கெடு வைத்தாள். அடுத்து, புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு மூன்றாம் ஆள் நுழைய முடியாத ஒரு தனி அறை. பிறகு பள்ளிக்கூட அறையில், பிள்ளைகள் நிமிடத்துக்கு ஐந்து தடவைக்கு மேல் வாய் திறக்க முடியாதபடி ஒரு வரம்பு. டீச்சர் கெஞ்சிக் கேட்டிருந்தார். பாவம், அவர் பாடு அவருக்குத்தான் தெரியும்.

மேலே தரையில் வாழ்கிறவர்களுக்கு இதெல்லாம் விளையாட்டாகத் தோன்றலாம். ஆழிக்குடியில் அப்படி இல்லை. கடலுக்கு அடியில் முந்நூறு மீட்டர் ஆழத்தில், உறைந்த எரிவாயு எடுக்கும் கிணறுகளைச் சுற்றி எழுந்த ஊர் அது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அந்த அழுத்தத்தில் சாதாரணக் காற்று தலையைக் கிறக்கிவிடும் என்பதால் ஹீலியம் கலந்த காற்றைத்தான் மூச்சிழுக்க வேண்டும். ஹீலியத்தில் மனிதக் குரல் குரலாகவா இருக்கும்? எப்பேர்ப்பட்ட பாட்டுக்காரன் வாய் திறந்தாலும் வாத்து கத்துகிற மாதிரிதான் வரும். எதிரே நிற்கிறவனுக்கு ஒரு சொல் விளங்காது. ஆகவே ஒவ்வொருவர் தொண்டையிலும் ஓர் ஒலிப்பட்டை, காதில் ஒரு குமிழ். பட்டை பிடிக்கும் சத்தம் ‘பேச்சகம்’ என்ற சர்வருக்குப் போகும். அது குரலைச் சீராக்கி, இவர் பேசுவதை யார் யார் கேட்கலாம் என்று விதிகளைப் பார்த்து, அவரவர் காதில் கொண்டுபோய்ச் சேர்க்கும். சேர்ந்து பேசிக் கேட்கிற ஒவ்வொரு வட்டத்துக்கும் அங்கே ‘அறை’ என்று பெயர். விதியில் இடமில்லாதவன் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் வாத்துதான்.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. பணியில் இருக்கும் நிர்வாகியோடு பேசுகிறவரின் குரலை எந்த விதியும் தடுக்காது. மதியம் இரண்டு மணிக்குத் திறவுகோல் கைமாறியதும் நிர்வாகியும் ஊரில் ஓர் ஆள், அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு மேலாளர் தனிஸ்லாஸ் வந்தார். ஜெசிந்தாவுக்கு அம்மா வழியில் மாமா முறை. கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. ஊரில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வந்து நிற்கிறவர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஒங்க அண்ணன் விஷயமாத்தான் மக்ளே வந்தேன்.”

எதிர்பார்த்ததுதான். ஜெசிந்தாவின் அண்ணன் பெர்க்மான்ஸ் வெளிச்சுவரைப் பழுது பார்க்கும் முக்குளிப்பவன். கிழக்குப் புறப்பாட்டறையின் கூரை இணைப்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறது என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கடலுக்குள் இறங்குகிறவர்கள் உடுப்பு மாற்றும் அறை அது. தரையில் கடலுக்குத் திறந்த ஒரு துளை. உள்ளே காற்று அழுத்திக்கொண்டிருக்கும்வரை தண்ணீர் ஏறாது. கூரை விட்டுவிட்டால் காற்று மேலே போய்விடும், கடல் கீழேயிருந்து ஏறிவரும். இதைத்தான் அவன், ஊர் முழுக்கக் கேட்கும் ஆபத்து அறையில் மூன்று தடவை முழங்கியிருந்தான்.

“மூணு தடவை ஆளனுப்பிப் பாத்தாச்சு,” என்றார் தனிஸ்லாஸ். “அளவுமானி எல்லாம் பச்சையில இருக்கு. நேத்து இவன் பேசினதக் கேட்டு நாப்பது பேரு மேல போற ஏற்றக்கூண்டு வாசல்ல வந்து நிக்கானுவ. பன்னெண்டு பேரு ஏறுற கூண்டு. ஒருத்தன ஒருத்தன் மிதிச்சுச் செத்தா யாரு பதில் சொல்லுவா?”

“அவன் பொய் சொல்லமாட்டான் மாமா.”

“பொய்யின்னு நான் சொன்னனா? பயந்துட்டான். பயம் தொத்திக்கிடும். மேல இருந்து இன்ஜினியர் ஒருத்தரு அழுத்தத்துக்குப் பழகிப் பழகி எறங்கிட்டு இருக்காரு, நாலு நாள்ல வந்துருவாரு. அதுவரைக்கும் இவன் வாயப் பூட்டி வையி.”

ஜெசிந்தா அடுத்த விண்ணப்பத்தைத் திறந்தாள்.

“நீ செய்யாட்டா யூஜின் செய்வான். அவனுக்கு ஒங்க அண்ணன் மேல என்ன பாசம் கெடக்கு? நீயின்னா வலிக்காம செய்வ.”

அந்தச் சொல்தான் அவளைக் கவிழ்த்தது. வலிக்காமல் செய்ய வேண்டும் என்று அவளும் நினைத்தாள். வாய்ப்பூட்டு விதியைத் திறந்து அண்ணன் பெயரை இட்டாள். எந்தெந்த அறைகள் என்று திரை கேட்டது.

“ஆபத்து அறைய மட்டும் விட்டுரலாமா மாமா?”

“அங்கதான மக்ளே அவன் கத்துதான்.”

எல்லா அறைகளும் என்று குறித்தாள். பூட்டப்பட்டவருக்குத் தெரிவிக்கவா என்று அடுத்த கேள்வி. தெரிந்தால் அவன் சும்மா இருப்பானா? நேரே மேலாளர் அறைக்குப் போய் மேசையைப் புரட்டுவான். பிறகு அவனைக் காவலில்தான் வைக்க வேண்டிவரும். அதைவிட, பூட்டியது தங்கச்சி கை என்பதும் தெரிந்துபோகும். வேண்டாம் என்று குறித்தாள்.

அப்போது கடைசியாக ஒரு கட்டம் விழித்தது: ஒப்புரை. பூட்டப்பட்டவர் பேசும்போது பதிலே வராவிட்டால் சந்தேகப்படுவார் அல்லவா? அதற்காகப் பேச்சகமே, கேட்கவேண்டிய ஆளின் குரலில், ‘சரி’, ‘ம்’, ‘பாத்துக்கிடுதேன்’ என்று சின்னச் சின்னதாக ஒப்புக்குப் பதில் சொல்லும். கோபக்காரர்களையும் சித்தம் கலங்கியவர்களையும் அமைதியாக வைத்திருக்க யாரோ எழுதிய ஏற்பாடு. நாலு நாள் அவன் சுவரோடு பேசித் தவிக்க வேண்டாமே என்று எண்ணி ஜெசிந்தா அதையும் இயக்கினாள். சத்தியமாக, அன்பினால்தான் செய்தாள்.

தனிஸ்லாஸ் அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். விதியைச் சோதித்துப் பார்க்க அவள் அண்ணனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, எங்க இருக்க?”

“துணி காயப்போடுதேன். என்னட்டி?”

“சும்மாத்தான்.”

அவனுடைய குரல் கணீரென்று கேட்டது. ஊருக்குக் கேட்காவிட்டாலும் எனக்குக் கேட்கிறதே, ஏதாவது என்றால் நான் இருக்கிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரையை மூடினாள். விதி எழுதுகிறவர்கள் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு தடவையாவது செய்யும் பிழை இது. திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டைச் சோதிப்பது. இதே தவறுக்காக யூஜினை அவள் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறாள். அன்றைக்கு அவள் புத்தி எங்கே போயிற்றோ!

இரண்டு மணிக்குத் திறவுகோலை யூஜினிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணன் நினைப்பு வந்தது.

“அண்ணே, சாப்பிட்டியா?”

பதில் இல்லை. எப்படியோ தெரிந்துவிட்டது போலிருக்கிறது, வீம்பு பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறான் என்று நினைத்தாள். நெஞ்சில் ஒரு குத்தல். கூடவே, நேரில் கேட்டால் என்ன சொல்வது என்ற சங்கடம் தள்ளிப்போனதில் ஒரு நிம்மதியும் இருந்தது. இன்னொரு தட்டை எடுத்துத் துலக்கத் தொடங்கினாள்.

நாலு இருபதுக்குச் சங்கு ஊதியது. துணி துவைக்கும் லாரன்ஸ் கிழக்கு நடைவழியில் போனபோது, காலடியில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து நடைப்பக்கக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டார். அவர் அப்படிச் செய்திராவிட்டால் பள்ளிக்கூடம் மூழ்கியிருக்கும். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முழுக்கக் கடல். ஆட்கள் வெளியே இறங்கிப் போய்ப் பார்த்தபோது, பெர்க்மான்ஸ் கூரையோடு கூரையாக மிதந்துகொண்டிருந்தான். அவன் கையிலிருந்த ஒட்டுப்பலகை விரிசலின் மேல் அழுத்தியபடியே இருந்தது.

ஊரே அழுதது. தனிஸ்லாஸும் அழுதார், நடிப்பு என்று சொல்ல முடியாது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

“ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே மக்கா. இத்தன பேரு இருந்தோமே.”

ஜெசிந்தாவையும் அதே கேள்விதான் அரித்தது. ஊருக்குத்தான் கேட்காது, நான் இருந்தேனே, என்னை ஏன் கூப்பிடவில்லை? சாப்பிட்டியா என்று கேட்டேனே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் பேச்சகத்துக்குப் போனாள். யூஜின் திறவுகோலைக் கொடுக்கவில்லை.

“ஒங்கள ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னாருக்கா. இப்பத்தான் மேலாளர் மூலத் திறவுகோலோட வந்து அரைமணி நேரம் உக்காந்திருந்துட்டுப் போறாரு.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைச் சொடுக்கிக்கொண்டே, “தடுத்ததும் அதுக்கு முன்ன பின்ன பேசினதும் ஒரு பதிவுல விழும்லா. நானே சங்கு ஊதினப் பொறவுதான் பாத்தேன். இன்னைக்கு மத்தியானத்தோட அழிக்கச் சொல்லியிருக்காரு,” என்றான். திரையை அவள் பக்கம் திருப்பினான். “நான் டீ எடுக்கப் போறேன்க்கா. நீங்க பாத்ததா எனக்குத் தெரியாது.”

ஜெசிந்தா நின்றபடியே படித்தாள்.

3.22. ஆபத்து அறை. “கிழக்குக் கூரை விட்டுட்டு. காத்து போவுது, தண்ணி ஏறுது. விரிசல்ல பலகைய அழுத்திட்டு நிக்கேன், கையெடுக்க முடியாது. ஒரு ஆளு வந்து நடைப்பக்கக் கதவப் பூட்டுங்க. பூட்டியாச்சுன்னா நான் கீழ்த் துளை வழியா நீந்தி வந்துருவேன்.” கேட்டவர்கள்: சுழி. ஒப்புரை, லாரன்ஸ் குரலில்: “சரி, வாரோம்.”

3.29. ஆபத்து அறை. “எங்க இருக்கிய எல்லாரும்? தண்ணி முழங்காலுக்கு வந்தாச்சு.” கேட்டவர்கள்: சுழி. ஒப்புரை, மேலாளர் குரலில்: “பாத்துக்கிடுதேன்.”

3.41க்கு ஜெசிந்தாவின் சொந்தக் குரல். “அண்ணே, சாப்பிட்டியா?”

அதே நிமிடம், அவனிடமிருந்து. “சோறு கெடக்கட்டும், ஏட்டி! கெழக்கு நடைக்கு ஓடி வா. கதவப் பூட்டு.” கேட்டவர்கள்: சுழி. ஒப்புரை, ஜெசிந்தா குரலில்: “சரிண்ணே, வாரேன்.”

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

3.58. “நெஞ்சுக்கு வந்துட்டு. இப்பப் போனாலும் நீந்திருவேன். பலகைய விட்டா பள்ளிக்கூடத்துப் பக்கம் காத்து எறங்கிரும். நீ வாரேன்னியே, அதான் நிக்கேன்.” ஒப்புரை, ஜெசிந்தா குரலில்: “இந்தா வந்துட்டேன்.”

4.06. “வந்துட்டியாட்டி? கதவுப் பக்கம் ஒன்னக் காணோமே. சரி, கேளு. நாலு புறப்பாட்டறையும் ஒரே பட்டறையில ஒட்டினது. நேத்து மேற்குக் கூரையத் தடவிப் பாத்தேன், அங்கயும் கோடு விழுந்துருக்கு. இத எல்லார்ட்டயும் சொல்லிரு.” ஒப்புரை, ஜெசிந்தா குரலில்: “ம்.”

அதன்பின் பதிவு இல்லை.

ஜெசிந்தா அழவில்லை. அழுகைக்கெல்லாம் நேரமில்லை என்று தோன்றியது. மேற்கு நடைவழியை ஒட்டித்தான் சாப்பாட்டுக் கூடம். இந்த நேரத்தில் நூறு பேராவது அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவள் ஓடினாள்.

கூடத்தில் உப்புமா பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க நடுவில் போய் நின்று, காதுக் குமிழை அழுத்திப் பொது அறையைத் திறந்தாள்.

“எல்லாரும் கேளுங்க. எங்கண்ணன் கூப்பிட்டான். நாப்பத்தி நாலு நிமிஷம் கூப்பிட்டிருக்கான். ஒங்க யாருக்கும் கேக்காதபடி அவன் வாயப் பூட்டினது நான்தான். என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. ஆனா முதல்ல எந்திரிங்க. மேற்குக் கூரையிலயும் விரிசல் இருக்கு. பிள்ளைகளக் கூட்டிட்டு நடு மண்டபத்துக்குப் போங்க, கதவப் பூட்டுங்க!”

உடனே அவள் காதில் குரல்கள் வந்து விழுந்தன. “ஐயோ, அப்படியா?” “சரி மக்கா.” “வாரோம், வாரோம்.” ஆறாம் கூடத்து அம்மாள், லாரன்ஸ், பள்ளிக்கூட டீச்சர், ஒவ்வொரு குரலும் அவளுக்கு அத்துப்படி. ஒருவர்கூட அவளைத் திட்டவில்லை. நான் செய்த பாவத்துக்கு இவர்கள் காறித் துப்பியிருக்க வேண்டுமே, எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“சரிட்டி, இந்தா வந்துட்டேன்.”

பெர்க்மான்ஸின் குரல். கணீரென்று, காதோரத்தில். பொது அறைப் பட்டியலிலிருந்து அவன் பெயரை இன்னும் யாரும் எடுத்திருக்கவில்லை.

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். நூறு பேரும் தட்டைப் பார்த்து உப்புமா தின்றுகொண்டிருந்தார்கள். சிலர் மட்டும் அவளை ஏறிட்டுப் பார்த்து, ஐயோ பாவம் என்று தலையை ஆட்டிக்கொண்டார்கள். அண்ணனைப் பறிகொடுத்தவள் வாய்விட்டு அரற்றுகிறாள், அவ்வளவுதான் அவர்களுக்கு. டீச்சர் எழுந்துவந்து அவளைத் தோளோடு அணைத்து பெஞ்சில் உட்காரவைத்தார். ஜெசிந்தா அவர் கையைப் பற்றி உலுக்கினாள், மேற்குக் கதவைக் காட்டி, “பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க டீச்சர்!” என்று கதறினாள்.

“சரி மக்கா, கூட்டிட்டுப் போறேன்,” என்று டீச்சரின் குரல் சொன்னது.

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு, அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.