மணல் வாளி வைத்த இடம்

"பிள்ளைய யாரு கையிலட்டி குடுத்த?"

கனகவள்ளி தன் நாத்தனார் தங்கமயிலிடம் அதை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. ஆனால் தியேட்டரின் பெண்கள் பகுதியில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கமயிலின் வாயையே பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் பதினைந்து வயதுப் பெண் என்ன பதில் சொல்வாள்? பிள்ளையைக் கொடுத்தது உண்மை. வாங்கிக்கொள்ளக் கைகள் இருந்ததும் உண்மை. அந்தக் கைகளுக்கு மேலே முகம் இருந்ததா என்று அவள் பார்க்கவில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம், பம்பாயில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த மாதம். மாட்டுங்காவில் மாணிக்பாய் டாக்கீஸ் என்று ஒரு பழைய கொட்டகை இருந்தது. வாரம் முழுக்க இந்திப் படம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி ஆட்டம் மட்டும் தமிழ்ப் படம். தாராவியிலிருந்து பெண்கள் கூட்டமாகக் கிளம்பி, சேற்றில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்டவாளப் பாலம் ஏறி இறங்கி வருவார்கள். கைப்பிள்ளைக்காரிகளும் வருவார்கள். பிள்ளை இருக்கிறது என்று வாரத்தில் ஒரு தமிழ்ப் படத்தை விட யாருக்கு மனசு வரும்?

பால்கனிக்கு அடியில், ஆள் உயரப் பலகைத் தடுப்புக்குப் பின்னால் பெண்களுக்கான பெஞ்சுகள் கிடந்தன. வெளியே பட்டப்பகலாக இருந்தாலும் உள்ளே குகைதான். திரையில் வெயில் அடித்தால் பக்கத்து ஆளின் மூக்குத்தி தெரியும். திரையில் இருட்டினால் தன் கையே தனக்குத் தெரியாது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை அழுதால் தாய் எழுந்து போவதில்லை. பெஞ்சில் இருப்பவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பிள்ளையைக் கதவுப் பக்கம் அனுப்புவார்கள். அங்கே டார்ச் விளக்கோடு நிற்கும் சைனப் வாங்கிப்போய், நடையில் கட்டியிருக்கும் தூளியில் போட்டு ஆட்டுவாள். மேலப்பாளையத்துக்காரி. டிக்கெட் கிழிப்பதும் பிள்ளை ஆட்டுவதும் அவள் வேலை. அவள் வைத்த சட்டமும் ஒன்று உண்டு. வாங்குகிறவள் "வாங்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் கொடுக்கிறவள் கையை விட வேண்டும்.

அன்றைக்குப் பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சில் சுவர் ஓரமாகக் கனகவள்ளி, அவள் மடியில் எட்டு மாதப் பிள்ளை முத்துமாலை. ஆறு வருஷம் கோயில் கோயிலாக நடந்து பெற்ற பெண் குழந்தை. பக்கத்தில், அவளோடு ஒரே சாலில், அந்த வரிசை வீடுகளில் குடியிருக்கும் சீனியம்மாள். அவளுக்கு அடுத்துத் தங்கமயில். தங்கமயிலுக்கு அந்தப் பக்கம், கதவோரமாக ஓர் ஆள் உட்காரும் இடம். எப்போதும் அந்த இடத்தில் சிவப்பு வர்ணம் அடித்த மணல் வாளி ஒன்று இருக்கும். தீப்பிடித்தால் அணைக்க வைத்தது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தரையில் வைக்காமல் பெஞ்சின்மேல் ஏன் வைத்திருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முன்பெஞ்சில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. சைனப் அவசரமாக வந்து மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"என்ன தங்கம், இடம் தாராளமா இருக்கு, தள்ளி உக்காரேன். நான் பாதி பெஞ்சுலதான் இருக்கேன், மீதி அந்தரத்துல" என்றாள் சீனியம்மாள்.

தங்கமயில் சிரித்தாள். நகரவில்லை.

"வாயத் தொறந்து பதில் சொன்னா முத்து உதிந்துருமாக்கும்! உன் அண்ணன் செல்லத்துரை உனக்கு மாப்பிள்ள பாக்கும்போது, பொண்ணு ஊமைன்னு சொல்லித்தான் முடிக்கணும்."

"சவத்துப் பேச்சு, படத்தப் பாருட்டி" என்று பின்னாலிருந்து ஒருத்தி அதட்டினாள்.

திரையில் காடு வந்தது. ராத்திரிக் காடு. கொட்டகையே கறுத்துப் போனது. முத்துமாலை வீறிட்டு அழுதாள்.

"அனுப்பு மதினி, நல்ல கட்டம்" என்று சீனியம்மாள் கையை நீட்டி வாங்கிச் சொன்னாள், வாங்கிட்டேன். பிறகு தங்கமயில் வாங்கினாள். அவளும் முணுமுணுப்பாகச் சொன்னாள், வாங்கிட்டேன். எழுந்துபோய்க் கதவில் சைனப்பிடம் கொடுக்க வேண்டும். எழப் போனாள்.

பக்கத்தில் யாரோ இருந்தார்கள்.

நேரம் கழித்து வந்தவள் போலிருக்கிறது என்று நினைத்தாள். நனைந்த சேலையின் ஈரம் தோளில் பட்டது. கருகின பால் வாசனை. இரண்டு கைகள் நீண்டு வந்து பிள்ளையின் அக்குளில் நுழைந்தன. விரல்கள் அவள் மணிக்கட்டில் உரசின. மழைத் தண்ணீரின் குளிர்ச்சி.

தங்கமயில் காத்திருந்தாள். அந்தப் பெண் "வாங்கிட்டேன்" என்று சொல்லவில்லை. கேட்கலாம். கேட்டால் முன்னால் இருப்பவர்கள் திரும்புவார்கள். இன்னொருத்தி அதட்டுவாள். திரையில் கதாநாயகி வேறு தனியாக ஓடிக்கொண்டிருந்தாள்.

கையை விட்டாள்.

அழுகை அந்த நொடியே நின்றது.

இடைவேளைக்கு விளக்கு போட்டார்கள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. கனகவள்ளி பால் கொடுக்க எழுந்து நடைக்குப் போனாள். நடையில் நாலு தூளிகள், நாலு பிள்ளைகள். முத்துமாலை இல்லை.

"உங்க பெஞ்சுலருந்து எனக்குப் பிள்ளையே வரலியே" என்றாள் சைனப்.

அப்போதுதான் கனகவள்ளி உள்ளே திரும்பி வந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

தங்கமயில் காலி இடத்தை நோக்கி விரலை மட்டும் நீட்டினாள். பின்னாலேயே வந்த சைனப் அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு முன்பெஞ்சின் பக்கம் கிடந்த வாளியைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த டார்ச் கீழே விழுந்து உருண்டது.

பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் தேடினார்கள். மானேஜர் வேங்கடசுப்ரமணியன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "வாசலைத் தாண்டி ஒரு ஈ காக்காய் போகலை. நான் அங்கேயேதான் நின்னுண்டிருக்கேன். கொழந்தை எங்கே போயிடும்?" என்றார். ஆண்கள் பக்கத்திலிருந்து விஷயம் தெரியாத ஒருவன், "அரே, படத்தப் போடுங்கய்யா!" என்று கத்தி விசில் அடித்தான்.

"போடச் சொல்லுங்க சாமி. விளக்க அணைங்க. வெளிச்சத்துல அவ வரமாட்டா" என்றாள் சைனப்.

"சைனப், வாயை மூடு."

"பத்து வருசம் மூடித்தான சாமி வச்சிருந்தேன்?"

அவள் தங்கமயிலின் கையைப் பிடித்துப் பழைய இடத்திலேயே உட்காரவைத்தாள். காதோடு காதாகச் சொன்னாள்.

"மேல கேபின்ல பிலிம் பத்திக்கிட்டு ஒரு நாளு. ஒரே புகை. எல்லாரும் இந்தக் கதவுக்கு நெருக்குனாவ. இந்த ஓரத்துல ஒரு கைப்பிள்ளக்காரி. எந்திரிக்க வழியில்ல அவளுக்கு. பிள்ளையாச்சும் வெளிய போயிரட்டும்னு அடுத்த கையில குடுத்தா. அவ அடுத்தவ கையில குடுத்தா. கதவு கிட்ட வாங்க ஆளில்ல பாத்துக்க. கைமாறி கைமாறித் திரும்ப அவ மடிக்கே வந்துட்டு. மறுநாளு ரெண்டையும் சேத்துத்தான் எடுத்தாவ. பேரு தெரியாது, ஊரு தெரியாது. தேடிக்கிட்டும் ஆளு வரல. அவ இன்னும் நீட்டிக்கிட்டே இருக்கா, யாராச்சும் வாங்க மாட்டாவளான்னு. அவ இடம் காலியாக் கெடக்கக் கூடாதுன்னுதான் வாளிய வச்சேன்."

"நா என்ன செய்யணும்?" தங்கமயில் கிசுகிசுத்தாள்.

"கேளு. குடுன்னு வாய்விட்டுக் கேளு. உன் பிள்ளன்னு தடவிப் பாத்துக்க. பொறவு வாங்கிட்டேன்னு சொல்லு. சொன்னாத்தான் அவ கைய விடுவா."

கனகவள்ளி சுவரோரம் போய் உட்கார்ந்தாள். பால் கட்டி அவள் ரவிக்கை நனைந்திருந்தது. சீனியம்மாள் நடுவில் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. அதே காட்டை மறுபடி ஓட்டினார்கள்.

இருட்டு.

ஈரம் தோளில் பட்டது.

கருகின பால் வாசனை முன்னைவிடக் கிட்டத்தில் வந்தது. அதற்குள்ளே தீய்ந்த மயிரின் நாற்றமும் இருந்தது. பக்கத்தில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பெரிய மூச்சு இல்லை. சின்ன மூச்சு.

இரண்டு சின்ன மூச்சு.

தங்கமயிலின் பல் கிட்டிப்போயிருந்தது. அதைப் பிரித்து, "குடுங்க" என்றாள்.

அவள் மடியில் ஒரு பாரம் வந்து அமர்ந்தது. சில்லென்றிருந்தது. குளிர்ந்த விரல்கள் அதை இன்னும் பிடித்துக்கொண்டேயிருந்தன. கன்னத்துக்குப் பக்கத்தில் கெஞ்சுவதுபோல ஒரு குரல் கேட்டது.

"இதா?"

தடவிப் பார்த்திருக்கலாம். முத்துமாலையின் இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருக்கும், காலில் கொலுசு இருக்கும். ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் அந்த விரல்களோடு இருக்க அவளால் ஆகவில்லை.

"ஆமா. ஆமா. வாங்கிட்டேன்."

விரல்கள் விட்டன. பக்கத்தில், எங்கோ தள்ளி, ஒரு குழந்தை அழ ஆரம்பித்து அடங்கியது.

விளக்கைப் போட்டார்கள். மடியில் முத்துமாலை கிடந்தாள். அதே முகம், அதே அரைஞாண், அதே கொலுசு, அதே பூப்போட்ட சட்டை. கனகவள்ளி பாய்ந்து வந்து வாரி எடுத்தாள். சீனியம்மாள் குலவை போட்டாள். மானேஜர் எல்லாருக்கும் டீ சொன்னார். சைனப் மட்டும் பிள்ளையைத் தொடவில்லை. மணல் வாளியைத் தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் முத்துமாலை அழவில்லை. பசித்தாலும் அழவில்லை. பால் குடித்தாள், தூங்கினாள், தூங்காதபோது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படம் பாத்துப் பிள்ளைக்குப் புத்தி வந்துட்டே!" என்று தோல் கிட்டங்கியில் வேலை முடிந்து திரும்பிய செல்லத்துரை சிரித்தான். கனகவள்ளி சிரிக்கவில்லை. எத்தனை தடவை சீயக்காய் போட்டும் பிள்ளையின் தலையில் அந்த வாசனை போகவில்லை.

வியாழக்கிழமை காலை பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏட்டி தங்கம். பிள்ளைக்கு அம்மை குத்தினாவளே, எந்தக் கையில?"

தங்கமயில் எட்டிப் பார்த்தாள். வலது தோளுக்குக் கீழே இரண்டு வட்டத் தழும்பு. ஆறிப் பளபளத்தது.

முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான். ஊசி ஏறும்போது முத்துமாலை அவள் சடையை வலது கையால் பிடித்து இழுத்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குத்தியது இடது கையில். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"சொல்லுட்டி. நீதான வச்சிருந்த?"

"வலது கை மதினி" என்றாள் தங்கமயில். பிறந்ததிலிருந்து அவ்வளவு தெளிவாக, அவ்வளவு சத்தமாக அவள் பேசியதில்லை.

கனகவள்ளி அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் துவட்டி, பவுடர் போட்டு, பாலும் கொடுத்தாள். குறை ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ராத்திரியில் பிள்ளையைத் தன் பக்கத்தில் போடாமல் தங்கமயிலின் பாயில் போட்டாள். இருட்டில் அந்தக் குளிர்ந்த சின்ன விரல்கள் தங்கமயிலின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். விடிகிறவரை விடாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மழை கொஞ்சம் வெறித்திருந்தது. கனகவள்ளி காலையிலேயே குளித்துத் தலைவாரிக்கொண்டாள். தகரப் பெட்டியைத் திறந்து ஒரு சின்னச் சட்டை, ஒரு துவாலை, பால் புகட்டும் பாலாடை எல்லாம் எடுத்து ஒரு துணியில் முடிந்தாள். பிள்ளையைக் கொண்டுவந்து தங்கமயிலின் மடியில் கிடத்தினாள். பிள்ளை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்க, படத்துக்கா? பிள்ளைய விட்டுட்டா போற?" என்று செல்லத்துரை படுத்தபடியே கேட்டான்.

மதினி என்று கூப்பிடத் தங்கமயில் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல்தான். இடது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். மடியில் கிடந்தது அவள் மணிக்கட்டை இறுக்கியது.

கனகவள்ளி முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டாள். செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி, சேற்றில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்டவாளப் பாலத்தைப் பார்த்து நடந்தாள்.