பலூன் மாமாவும் பனிமூட்டமும்

தும்பியின் மாமா வானிலை நிலையத்தில் வேலை பார்த்தார். நிலையம் குன்றின் உச்சியில் இருந்தது. தினமும் காலையில் அங்கே ஒரு பெரிய வெள்ளை பலூனில் வாயு நிரப்பி, அதன் அடியில் சின்னக் கருவி ஒன்றைக் கட்டிப் பறக்கவிடுவார். மேலே எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம் என்று அந்தக் கருவி கீழே சொல்லிக்கொண்டே போகும்.

அந்த பலூனைத் தன் கையால் பறக்கவிட வேண்டும் என்று தும்பிக்குக் கொள்ளை ஆசை. விடுமுறைக்கு வந்த நாளிலிருந்து மாமாவை நச்சரித்து ஒருவழியாகச் சம்மதம் வாங்கிவிட்டாள்.

அன்று காலை சன்னலைத் திறந்தால் ஊரையே காணவில்லை. அவ்வளவு பனிமூட்டம். எதிர்வீட்டின் விளக்கு மட்டும் பாலில் விழுந்த மஞ்சள் பொட்டுபோல மிதந்தது.

மாமாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. வழக்கம்போல விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்தார். வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். உடனே சாப்பிட உட்காருவதுதான் வழக்கம். அன்றைக்கென்று, பனியில் நனைந்த ஸ்கூட்டர் கிளம்புமா என்று பார்க்க வெளியே போனார்.

அது கிளம்பவில்லை. மாமா உதைத்தார், தட்டிக்கொடுத்தார், கெஞ்சினார். ஸ்கூட்டர் இரண்டு முறை இருமியதோடு சரி.

"நடந்தே போயிடலாம். சாப்பாட்டை மேல போய்ப் பார்த்துக்கலாம்" என்றார் மாமா. பலூன் நேரத்துக்குப் பறக்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு. தடுத்துச் சொல்ல அத்தையும் இல்லை. விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டார். தும்பி ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சுச் சாறு எல்லாவற்றையும் கூடையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

குன்றுப் பாதையில் மரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளையிலிருந்து வெளியே வந்து, பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே போயின. நடக்கும் சத்தம்கூடப் பஞ்சில் சுற்றினாற்போலக் கேட்டது.

"மேகம் தரையில படுத்துத் தூங்குது. மெதுவா நட, முழிச்சுக்கும்" என்றார் மாமா.

"மேகம் குறட்டை விடுமா மாமா?"

"விடும். நாமதான் அதைக் காத்துன்னு சொல்லிக்கிறோம்."

மாமா எப்போதும் இப்படித்தான். அவர் வாயைத் திறந்தால் கதைதான். கதை கேட்டுக்கொண்டே ஏறியதில் பாதி மலை போனதே தும்பிக்குத் தெரியவில்லை.

ஒரு வளைவில் மாமாவின் நடை தளர்ந்தது. மரங்களெல்லாம் கூடவே நடந்து வருவதாகச் சொன்னார். தும்பி சிரித்துவிட்டு, மீதிக் கதைக்காகக் காத்திருந்தாள். மீதி வரவில்லை.

மரங்கள் எங்கே போகின்றன என்று கேட்டுப் பார்த்தாள். மாமா அவளை யாரோ என்பதுபோலப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, பாதியில் விட்டுவிட்டார்.

பல் கிட்டும் குளிரில் அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. விரல்கள் நடுங்கின.

இது கதை இல்லை என்று தும்பிக்குப் புரிந்துவிட்டது. இப்படி ஆனால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம், முதலில் இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அத்தை சொல்லியிருந்தார்.

"மாமா, உக்காருங்க. இந்தச் சாற்றைக் குடிங்க."

"வேண்டாம். பலூன்... நேரமாச்சு" என்று மாமா அவள் கையை உதறினார். அவர் இதுவரை அவளிடம் ஒருநாளும் சிடுசிடுத்ததில்லை. தும்பிக்கு அழுகை வந்தது. அழுதால் நேரம்தான் போகும் என்று எண்ணி அதை விழுங்கிக்கொண்டாள்.

வழியோரப் பாறையில் தானே போய் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கால் வலிக்குது மாமா. கொஞ்சம் துணைக்கு உக்காருங்களேன்."

பிள்ளைக்குக் கால் வலி என்றதும் மாமா தயங்கி நின்றார். பிறகு தள்ளாடி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க குடிச்சாத்தான் நான் குடிப்பேன்" என்று புட்டியை அவர் வாயருகே பிடித்தாள் தும்பி. மாமா ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு. அப்புறம் புட்டி காலியாகும் வரை நிறுத்தவில்லை. தும்பி அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் வெள்ளை. உலகத்தில் அந்தப் பாறையும் அவர்கள் இருவரும் மட்டும் மிச்சம் இருப்பதுபோல இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக மாமாவின் நடுக்கம் நின்றது. புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

"நீயும் குடிப்பேன்னு சொன்னியே, உனக்கு வாசனை மட்டும்தான் மிச்சம்" என்றார்.

தும்பிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கேலி வந்துவிட்டது என்றால் மாமாவும் வந்துவிட்டார்.

அவர் பையிலிருந்த சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து மறுபடியும் அளந்து பார்த்தார்கள். அளவு ஏறியிருந்தது. ரொட்டியையும் முட்டையையும் அங்கேயே பிரித்தார்கள். நேரமாகும் என்று மாமா நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். வானம் எங்கேயும் ஓடிவிடாது, சாப்பிட்டு, உடம்பு தேறியபிறகு வந்தால் போதும் என்று மேலதிகாரி அம்மா சொல்லிவிட்டார்.

"நடந்தா உங்களுக்கு ஆகாதா மாமா?" என்று கேட்டாள் தும்பி.

"நடை நல்லதுதான். டாக்டரே நடக்கச் சொல்லியிருக்கார். ஆனா ஊசி ஒரு பக்கம் சர்க்கரையைக் குறைச்சுது, மலையேறின காலு இன்னொரு பக்கம் அதையே தின்னுது. வயித்துக்குள்ள புதுசா ஒண்ணும் போகலை. ஊசி போட்டா சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. தெரிஞ்சும் அவசரப்பட்டுட்டேன்."

அதற்கப்புறம் அவர்கள் அவசரமே படவில்லை. நின்று நின்று ஏறினார்கள்.

நிலையத்து முற்றத்தில் பலூன் அவளைவிடப் பெரிதாக உப்பி நின்றது. மாமா சொன்னபடி தும்பி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள். விளையாடக் கூப்பிடும் குழந்தைபோல அது அவளை மேலே மேலே இழுத்தது. மாமா தலையசைத்ததும் விட்டாள். ஒரு சத்தமும் இல்லாமல் வெள்ளைக்குள் வெள்ளையாக மறைந்துவிட்டது.

உள்ளே ஓடிப்போய்த் திரையின் முன் நின்றாள். எண்கள் வர ஆரம்பித்தன. குளிர், ஈரம், குளிர், ஈரம். திடீரென்று ஈரம் குறைந்தது.

"மேகத்தைத் தாண்டிடுச்சு" என்று மாமா மெல்லச் சொன்னார். "மேல நல்ல வெயில்."

அங்கே யாரும் இல்லாத அந்த வெளிச்சத்தில், தும்பி விட்ட பலூன் போய்க்கொண்டே இருந்தது.