வான்கண் பார்க்காத தூண்

வான்கண் மூன்றாம் முறையாகத் தரையிறங்கி அதே பாட்டைப் பாடியது: “சம்மதம் தராத ஒருவர் பாலத்தின் மேல் நிற்கிறார். பதிவு செய்ய இயலாது.”

பொறியாளர் செண்பகவல்லிக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் பறக்கும் எந்திரம் படமெடுத்துச் சரி என்று சொல்லாமல் ஒரு சட்டி காங்கிரீட் கூடக் கொட்டக் கூடாது என்பது சட்டம். சம்மதமில்லாமல் யார் முகத்தையும் அது படமெடுக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். மேலே நின்றதோ வைக்கோல் அடைத்த திருஷ்டி பொம்மை. முறுக்கு மீசையும் பிதுங்கிய விழியுமாக இருந்த அதை எந்திரம் மனிதன் என்றே நம்பியது.

“கழட்டிருங்க மேஸ்திரி.”

“அது மட்டும் முடியாதுங்க மேடம். திஷ்டி பொம்மை இல்லாத பாலத்துல எங்காளுக கால் வெக்க மாட்டாங்க” என்றார் மேஸ்திரி மாரண்ணன்.

மழைக்கு முன் பாலம் முடியாவிட்டால் அக்கரை ஊர்கள் இந்த ஆண்டும் துண்டிக்கப்படும். பிரசவ வலியில் துடித்தவளைக் கட்டிலோடு தூக்கி ஆற்றைக் கடந்ததைச் செண்பகவல்லி கண்ணால் பார்த்தவள். மேலிடத்தில் மன்றாடி ஒரு விலக்கு வாங்கினாள். சம்மதமில்லாத முகம் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வான்கண் பார்த்தால் போதும். அதன்பின் அது சமர்த்தாகப் பறந்தது, வேலையும் மளமளவென்று முடிந்தது. எல்லோரும் மெச்சினார்கள். அவளுக்கும் பெருமை பிடிபடவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள், மூன்றாம் தூணைச் சுற்றி நான்கு பொம்மைகள் தொங்கக் கண்டாள். ஒரு பாலத்துக்கு ஒன்றுதானே வழக்கம்?

“காண்ட்ராக்டர் மாட்டச் சொன்னாருங்க” என்று மாரண்ணன் தலையைச் சொறிந்தார்.

ஒரு பொம்மையை விலக்கித் தூணைச் சுத்தியலால் தட்டினாள். காங்கிரீட் பொலபொலவென்று உதிர்ந்து கம்பி பல்லிளித்தது. பொம்மை முகங்கள் மறைத்த இந்தத் தூணை வான்கண் பார்த்ததே இல்லை.

பொம்மைகளைப் பிய்த்தெறிந்துவிட்டு வான்கண்ணை ஏவினாள். அது அசையவில்லை. அமைச்சர் வருவதால் விழா முடியும்வரை அங்கே எதுவும் பறக்கத் தடையாம்.

தலைமைப் பொறியாளரைப் போனில் பிடித்தாள். “சார், நானே பாத்தேன். மூணாந்தூணு உள்ள பொக்கையா இருக்குதுங்க சார். விழாவ நிறுத்துங்க!”

“ஏம்மா, மனுசன் பாத்துச் சொல்றத நம்ப முடியாதுன்னுதான வான்கண்ணையே கொண்டு வந்தோம்? அது சான்று குடுத்தாச்சு. இனி நீ சொல்லி என்ன ஆகப் போவுது? காலைல நேரத்துக்கு வந்துரு. பாலத்து மேல போற மொத பஸ்ஸுல அமைச்சர் பக்கத்துச் சீட்டு உனக்குத்தான். நீ மட்டும் அந்த விலக்கு வாங்கலன்னா இந்தப் பாலம் முடிஞ்சிருக்குமா?”