கிணற்றில் இறக்கிய லாம்பு

கிணறு கொதித்துக்கொண்டிருந்தது. தொட்டால் குளிர்ந்த தண்ணீர்தான். ஆனால் அடுப்பில் ஏற்றிய உலை போல அடியிலிருந்து குமிழி வந்து வந்து உடைந்தது. அந்தச் சத்தம் பின்னேரம் முழுக்க மிரியத்தை வீட்டுக்குள் இருக்கவிடவில்லை.

மதிலுக்கு அப்பால் கம்பனிக்காரரின் குளம். அரியாலைக் கரையில் எரிவாயு எடுக்க வந்தவர்கள், வாயுவோடு சேர்ந்து நிலத்துக்குள்ளிருந்து ஏறிவரும் உப்புத்தண்ணீரைக் கறுப்புப் படங்கு விரித்துத் தேக்கி வைத்திருந்தார்கள். அதுவும் இரவு பகலாய்க் குமிழிவிட்டது. படங்கு கிழிந்துவிட்டது, எங்கள் கிணற்றுக்குக் கசிகிறது என்று முறையிடப் போனவளிடம், குமிழி வெறும் காற்றுத்தான், பயமில்லாமல் குடியுங்கள் என்று ஒருவன் பல்லைக் காட்டினான். அவன் குடித்தது போத்தல் தண்ணீர். நாசமாய்ப் போவான் என்று மனதாரத் திட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

இன்றைக்குக் கிணற்றுக்குள் தண்ணீர் உறிஞ்சும் மோட்டார்க் குழாயின் வாய் அடைத்துவிட்டது. நாளைக்கு ஞாயிறு, ஓய்வுநாளில் அவளுடைய புருஷன் நதானியேல் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டார். அதனால் பொழுதுபடுகிற நேரத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். திங்கட்கிழமை ஆள் பிடிப்போம் என்று அவள் மன்றாடிப் பார்த்தாள். கேட்கிற மனுஷனா? ஊர் வழக்கப்படி அரிக்கன் லாம்பைக் கொளுத்தி முதலில் அதைக் கயிற்றில் பாதிக் கிணறு வரை இறக்கினார். அணைந்தால் கீழே மூச்சுக்குக் காற்றில்லை. அணையாவிட்டால் ஆள் இறங்கலாம்.

லாம்பு அணையவில்லை. வளர்ந்தது. கண்ணாடிக்குள் சுடர் மெல்ல நீண்டு, அதன் நுனியில் நீலம் ஒன்று ஏறிக்கொண்டது. சுவரின் பாசியெல்லாம் நீலமாய்த் தெரிந்தது. அயலில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

"இஞ்சருங்கோ, உந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கேல்லை. உள்ளுக்கை வாங்கோ."

"லாம்பு நூரேல்லைத்தானே. காத்து நல்லாய்க் கிடக்கு. பயப்பிடாமல் கயித்தைப் பிடியும்."

அவர் இரும்புப் படிகளில் இறங்க இறங்க, வெளிச்சத்துக்காக அவள் லாம்பையும் கூடவே இறக்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று குழாயைத் தடவினார். இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னார். இறக்கினாள்.

சுடர் கண்ணாடியை நிறைத்தது.

எரிவாயுவோடு வந்த தண்ணீருக்குள் வெறும் காற்றா இருக்கும்? இப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. கயிற்றை மேலே இழுத்தாள். கை வழுக்கியது. மறுபடி இழுத்தாள்.

கீழே பெரிய குமிழி ஒன்று உடைந்தது.

நீலம் லாம்பை விட்டு இறங்கியது. புகையில்லை. தண்ணீர் மேல் நெருப்பு. சுவருக்குச் சுவர். நடுவில் நதானியேல்.

அண்ணாந்து அவளைப் பார்த்தார். கூப்பிட வாயைத் திறந்தார். நெருப்பு உள்ளே போனது. கன்னத்துக்குள்ளால் வெளிச்சம் தெரிந்தது.