நாலு கம்பியில் ஒன்று

1

செத்துப்போனவனின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

வசந்த்குமார் துள்ளி விழுந்தான்!

கையிலிருந்த கிடார் கம்பி நழுவித் தரையில் சுருண்டது. இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அந்தக் கம்பி ஞானதாஸின் கழுத்தைச் சுற்றியிருந்தது. இப்போது ஞானதாஸ், கோழிக்கடை மாடியிலிருந்த தன் கிடார் ரிப்பேர் கடையின் தரையில் மல்லாந்து, ஓடாத ஃபேனை வெறித்துக்கொண்டிருந்தான்.

போன் விடாமல் அடித்தது. வசந்த்குமார் குனிந்து பார்த்தான்.

'சுகிர்தா மாகறல்.'

"சர்ச்சுல பாடற கும்பல்..." உதட்டைச் சுழித்தான். போன் தானாக ஓய்ந்தது.

உத்திரமேரூர் வட்டாரத்தில் யாராவது பழைய பேஸ் கிடார், அதாவது அடித்தொனி வாசிக்கும் நாலு கம்பி கிடார், வாங்க வேண்டும், விற்க வேண்டும் என்றால் வசந்த்குமாரைத் தாண்டிப் போக முடியாது. 'பேஸ் பிரதர்ஸ்' என்று அவன் நடத்திய வாட்ஸ்அப் குரூப்பில் நூற்றுப் பன்னிரண்டு பேர். சர்ச்சில் வாசிப்பவர்கள், கல்யாணக் கச்சேரிக்குப் போகிறவர்கள், கிடாரைத் துடைத்து போட்டோ எடுப்பதோடு சரி என்று இருப்பவர்கள். அத்தனை பேருக்கும் அவன்தான் குரு.

அத்தனை பேருக்கும் அவன் மனதுக்குள் வைத்திருந்த பெயர் ஒன்றே ஒன்றுதான்.

செவிட்டுப் பசங்க!

அப்படி ஒரு செவிடனுக்குத்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கிடாரை விற்றான். மாகறல் ஜான். கொத்தனார். "ஜப்பான் சரக்குப்பா, எழுபத்தெட்டாம் வருஷம். ஒரே மரத்துல கடைஞ்சது!" என்றான். ஜான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். நம்பினான்.

ரிப்பேர்க்கார ஞானதாஸ் நம்பவில்லை. சரிபார்க்க வந்த கிடாரைப் பிரித்தே பார்த்துவிட்டான். போன் போட்டு வசந்த்குமாரை வரவழைத்தான்.

"இன்னா வசந்து... ஜப்பான்ல ப்ளைவுட்டு மரத்துலயா காய்க்குது?"

மேஜைமேல் கிடாரின் கழுத்து தனியாக, உடம்பு தனியாகக் கிடந்தது. நாலு கம்பிகளும் அவிழ்ந்து கிடந்தன. கழுத்து உட்காரும் பள்ளத்தில் பெயின்ட் இல்லை. அடுக்கடுக்காய் ஒட்டிய ப்ளைவுட் பல்லைக் காட்டியது!

"பத்து நாளா என்னாண்டதான் கீது. இன்னா பண்ணாலும் கழுத்து நிக்கல. இன்னாடா பேஜாருன்னு இன்னிக்கு தொறந்தா... அலமாரி செய்ற பலகை!"

"மெதுவா பேசு தாஸு. உன்ன நான் கவனிச்சிக்கறேன்..."

"த்தூ! அந்தாளு மூணு வருசம் சாரத்துல நின்னு சேத்த துட்டுய்யா. அஞ்சு மணிக்கு கிடார வாங்க வருவான், அவன்கிட்ட ஒத்துக்க. இல்ல... போட்டோ எட்த்து வெச்சிக்கினு கீறேன். குரூப்புல போட்ருவேன்!"

குரூப்!

நூற்றுப் பன்னிரண்டு செவிடர்களும் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்துச் சிரிப்பது வசந்த்குமாரின் கண்முன் ஓடியது. போலீஸ் என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை...

ஞானதாஸ் முதுகைக் காட்டித் திரும்பி, மின்சார அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்தான்.

பேஸ் கிடார் கம்பியின் விலை யானை விலை. ஒற்றைக் கம்பியாகவும் கிடைக்காது. நாலும் சேர்ந்த செட்டாகத்தான் வாங்க வேண்டும். அதனால் கம்பி மங்கிப் போனால் வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்துவிடுவார்கள். அழுக்கும் பிசுக்கும் கழன்று, சில வாரங்களுக்குப் புதுக் கம்பி போலக் கணீரென்று பேசும்.

கீழே கோழிக்கடையில் இறகு பிய்க்கும் மெஷின் கர்ரென்று ஓடியது.

தண்ணீர் கொதிப்பதற்குள், நாலில் மெல்லிசான கம்பியை வசந்த்குமார் எடுத்துவிட்டான்...

இப்போது மணி நாலரை. கிடாரை வாங்கிப்போக ஐந்து மணிக்கு ஜான் வருவான் என்று ஞானதாஸே சொல்லியிருந்தான்.

வசந்த்குமார் மூளையைத் தட்டினான். கிடாரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பின்பக்கமாகப் போனாலும் தெருவில் எவன் கண்ணிலாவது படும். இப்படியே பிரித்துப் போட்டுவிட்டும் போக முடியாது. ப்ளைவுட்டைப் பார்க்கிற முதல் ஆள் கேட்கிற முதல் கேள்வி, 'யார் வித்தது?'

பூட்ட வேண்டும்!

ரத்தக் கறை பட்ட கம்பியைக் கொதிநீரில் போட்டான். ஐந்து நிமிடம். எடுத்துத் துடைத்தபோது பளபளத்தது.

மற்ற மூன்றையும் போட்டுவிடலாமா?

நேரமில்லை. போட்டால்தான் என்ன, போடாவிட்டால்தான் என்ன... மாகறல் காதுக்கு நாலு கம்பியும் ஒரே சத்தம்தான்!

கழுத்தைப் பள்ளத்தில் வைத்தான். ஆடியது. அடியில் மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றை வைத்து முடுக்கினால் நிற்கும். எல்லோரும் செய்கிற வேலைதான். மேஜையில் அட்டை எதுவும் கண்ணில் படவில்லை. தன் சட்டைப் பையைத் தடவினான். கெட்டியான அட்டை ஒன்று கிடைத்தது. என்னவென்று பார்க்காமலே ஓரத்தைக் கிழித்து உள்ளே வைத்தான். மீதியைப் பையில் போட்டான். நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினான்.

கம்பிகளை மாட்டிச் சுருதியும் சேர்த்தான்!

பக்கத்தில் பிணம் கிடந்தது. ஆனாலும் கழுத்து ஆடுகிற கிடாரை அப்படியே விட்டுப்போக அவனுக்கு மனசு வரவில்லை. தொழில் சுத்தம்!

கைரேகைகளைத் துடைத்தான். ஞானதாஸின் செல்போனை உருவிக்கொண்டான். பின்பக்கப் படி வழியாக இறங்கி, போனை ஏரியில் வீசிவிட்டு, கோழிக்கடைக்கு எதிரே பஸ் ஸ்டாண்டில் டீ சொன்னான்.

ஐந்து மணி ஐந்து நிமிடம்.

கோழிக்கடை மாடியிலிருந்து ஜானின் அலறல் கேட்டது.

வசந்த்குமார் டீயில் சர்க்கரை குறைவு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

2

மறுநாள் காலை, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன்.

"கிடார் விஷயம் தெரிஞ்சவர்னு சொன்னாங்க. கொஞ்சம் வந்துட்டுப் போங்க சார்."

சார்! வசந்த்குமார் இஸ்திரி போட்ட சட்டையில் போய் இறங்கினான்.

இன்ஸ்பெக்டர் சுப்பிரமணிக்குத் தூக்கம் இல்லாத கண்கள். மேஜைமேல் அந்தக் கிடார். மூலை லாக்கப்பில் தலையைத் தொங்கப் போட்டபடி ஜான். பெஞ்சில் கம்பெனி யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண்.

வசந்த்குமார் சட்டைப் பையிலிருந்து ஊதா நிற விசிட்டிங் கார்டு ஒன்றை உருவி நீட்டினான். தங்க பார்டர். 'வசந்த்குமார், பேஸ் கிடார் ஆலோசகர், தமிழ்நாடு மற்றும் புதுவை.'

"புதுசா சார்?"

"நேத்து மத்தியானம்தான் பிரஸ்லேருந்து வாங்கினேன். டிசைன் நானே பண்ணது. முதல் கார்டு உங்களுக்குத்தான்!"

"சந்தோஷம். ஞானதாஸைக் கடைசியா எப்போ பாத்தீங்க?"

"அது ஆச்சு சார்... ஒரு மாசம். அந்த மாடிப் பக்கமே போறதில்ல. கோழி நாத்தம்!"

"கழுத்தை ஏதோ கம்பியால இறுக்கியிருக்கான். கம்பி கிடைக்கல. இந்த ஜான் முந்தாநேத்து அவன்கிட்ட சத்தம் போட்டிருக்கான், ஏன் இன்னும் ரிப்பேர் முடியலன்னு. பிணத்து பக்கத்துலயும் இவன்தான் நின்னான். இந்த கிடார்ல ஏதாவது குறையுதா, பாருங்க."

வசந்த்குமார் பார்ப்பது போலப் பார்த்தான்.

"நாலு கம்பியும் அப்படியே இருக்கு சார். இதுல ஒண்ணும் இல்ல."

"அப்போ கம்பி இவன் வேலை செய்யற சைட்டுலேருந்து வந்த கட்டுக் கம்பிதான். கோர்ட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான்."

பெஞ்சிலிருந்த பெண் எழுந்தாள்.

"சார்... நான் ஒரு தபா வாசிச்சிப் பாக்கட்டா?"

வசந்த்குமாருக்குச் சிரிப்பு வந்தது.

"யாரும்மா நீ?"

"சுகிர்தா. ஜான் எங்கண்ணன்."

"பாட்டு கிளாஸாம்மா இது? உங்கண்ணன் வாசிக்கற கிடார் உனக்கு எதுக்கு?"

"எங்கண்ணனுக்கு சைக்கிள் செயினே மாட்டத் தெரியாது சார். கிடாரு என்னுது. அவுரு வாங்கிக் குடுத்தாரு. ஆறு வருசமா சர்ச்சுல வாசிக்கிறது நான்தான்."

செவிட்டுப் பசங்களில் ஒரு செவிட்டுப் பெண்ணும் உண்டா! வசந்த்குமார் கொட்டாவியை மறைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார்.

சுகிர்தா கிடாரை மடியில் சாய்த்தாள். தடித்த கம்பியைத் தட்டினாள்.

தொம்... ஈரச் சாக்கைத் தரையில் போட்ட சத்தம்.

இரண்டாவது. தொம். மூன்றாவது. தொம்.

நாலாவதைத் தட்டினாள்.

கணீர்!

ரைட்டர் தலையை நிமிர்த்தினார். ஜான் நிமிர்ந்தான். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வளர்மதிகூடத் திரும்பிப் பார்த்தாள்.

செவிடர்களுக்கெல்லாம் கேட்டுவிட்டது!

"இன்னாம்மா அது? ஒண்ணு மட்டும் கோயில் மணி மாதிரி..." என்றார் ரைட்டர்.

"வெந்நில வேக வெச்ச கம்பி சார்." சுகிர்தா அந்தக் கம்பியை இன்னொரு முறை தட்டினாள். "ஞானதாஸ் அண்ணன் வேக வெச்சா நாலையும் ஒண்ணாதான் வெப்பாரு. ஒண்ணே ஒண்ண மட்டும் எவனும் வேக வெக்க மாட்டான்."

"புதுக் கம்பி போட்டிருப்பான்மா!" வசந்த்குமார் குறுக்கே பாய்ந்தான்.

"தனியா கிடைக்காதே சார். செட்டாதான் வாங்கணும்னு குரூப்புல நீங்கதான வாரா வாரம் போடுவீங்க?"



இன்ஸ்பெக்டர் மெதுவாக நாற்காலியை முன்னால் இழுத்தார். "ஒரு கம்பியை மட்டும் ஏன் கழுவணும்... அதுல மட்டும் ஏதோ பட்டிருக்கு. அப்படித்தானே?"

"ஆமா சார். அத்த கழுவி, திரும்ப மாட்டி, சுருதி சேத்து வெச்சிட்டு போயிக்கிறான். எங்கண்ணனால ஆவுற வேலையா இது? எதுக்கு இவ்ளோ பாடுபட்டான்னு தெரியணும்னா... தொறந்து பாக்கணும்."

"தொறக்கக் கூடாது!" வசந்த்குமார் கத்தினான். "பழைய கிடார் சார் அது! கழுத்தைக் கழட்டினா மதிப்பே போயிடும்!"

"கொலை கேஸ்ல மதிப்பு என்ன சார் மதிப்பு? வளர்மதி, ஸ்க்ரூடிரைவர் எடு. கம்பியை மட்டும் தனிக் கவர்ல போடு, லேபுக்குப் போகணும்."

நாலு ஸ்க்ரூ. நாலு நிமிடம்.

வசந்த்குமாருக்கு வியர்த்தது. ஆனால் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டான். ப்ளைவுட்தானே? போலிச் சரக்கு விற்றதற்கு ஒரு மோசடி கேஸ். ஜாமீனில் வந்துவிடலாம். கொலைக்கும் தனக்கும் முடிச்சுப் போட என்ன இருக்கிறது?

கழுத்து கழன்றது.

"ப்ளைவுட்டு..." சுகிர்தாவின் கண்கள் நிறைந்தன. லாக்கப்புக்குள் ஜான் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

"நானே ஏமாந்துதான் சார் வாங்கினேன்!" வசந்த்குமார் முந்திக்கொண்டான்.

சுகிர்தா அவனைப் பார்க்கவில்லை. பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்... அடியில ஒரு அட்ட கீது. ஞானதாஸ் அண்ணன் எப்பவும் தீப்பெட்டி அட்டதான் வெப்பாரு. இது வேற மாதிரி கீது..."

இன்ஸ்பெக்டர் இடுக்கியால் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார்.

கெட்டியான அட்டை. ஊதா நிறம். தங்க பார்டர்!

கிழிந்த துண்டில் ஐந்தே எழுத்துகள்.

'ஆலோசகர்.'



இன்ஸ்பெக்டர் மேஜையிலிருந்த முழு கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். 'சார்' எங்கேயோ காணாமல் போயிருந்தது.

"ஏன்டா... கிடார் பத்து நாளா ஞானதாஸ்கிட்ட இருந்துச்சு. நீ ஒரு மாசமா அந்தப் பக்கமே போகல. கார்டு நேத்து மத்தியானம்தான் அச்சாச்சு. முதல் கார்டு எனக்குன்னு வேற சொன்ன. அப்போ இது... நடந்து போயி உள்ள படுத்துக்கிச்சா?"

வசந்த்குமார் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

வளர்மதி லாக்கப்பைத் திறந்தாள். ஜான் வெளியே வந்தான். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரே தட்டுல கண்டுபிடிச்சிருப்பாரு ஞானதாஸ் அண்ணன்," என்றாள் சுகிர்தா, வசந்த்குமாரைப் பார்த்து. "நான் மெதுவுதான். நாலு கம்பியும் வேக வெச்சிருந்தீங்கன்னா எனுக்கு தெரிஞ்சே இருக்காது சார். அஞ்சு நிமிசம் ஆவுமா? அதுக்குக்கூட நாங்க லாயக்கில்லன்னு நெனச்சிட்டீங்க."

அவள் கையில் செல்போன் இருந்தது. பள்ளத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"சார், ஒரு போட்டோ எடுத்துக்கட்டா? குரூப்புல போடணும்."

வசந்த்குமார் பதறி எழுந்தான். இன்ஸ்பெக்டரின் காலைப் பிடித்தான்.

"சார்... சார்! கொலை பண்ணது நான்தான் சார்! எழுதிக் குடுக்கறேன், கையெழுத்துப் போடறேன்... குரூப்புல மட்டும் வேணாம் சார்!"

இன்ஸ்பெக்டர் சுப்பிரமணி காலை உதறிக்கொண்டார். ஊதா நிற கார்டை எடுத்து அவன் சட்டைப் பையில் செருகினார்.

"அடுத்த தடவை கார்டு அடிக்கும்போது ஜெயில் அட்ரஸைப் போட்டுக்கோ. போன் நம்பர் வேணாம்... உள்ள டவர் கிடைக்காது!"