உள்ளறையில் கிடந்தவள்

துணி ஈரமாக இருந்தது.

தாப்சை கையை இழுத்துக்கொண்டாள். அக்கா தயேசியை உப்பில் கிடத்தி, உலர்த்தி, வெள்ளை நார்த்துணியால் இறுக்கச் சுற்றி உள்ளறைக் கட்டிலில் படுக்கவைத்து அறுவடைக் காலமே ஒன்று கடந்துவிட்டது. கிறிஸ்தவ விசுவாசத்துக்காகச் செத்தவர்களை அந்த ஊரில் மண்ணுக்குக் கொடுப்பதில்லை; வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். உலர்ந்த உடம்பில் ஈரம் எங்கிருந்து வரும்? ஆனாலும் விலாப்பக்கத்தில், ஆளுநரின் ஆட்கள் இரும்புச் சீப்பால் எலும்பு தெரிய இழுத்த இடத்தில், வரிவரியாகச் சிவப்பு கசிந்தது. தேவதாருப் பிசினின் வாசனையைத் தள்ளிக்கொண்டு பச்சை இரத்தத்தின் வாடை எழுந்தது.

அக்காவின் பாதம் தொட வந்த பக்கத்து வீட்டு சென்மூத்தி கூவினாள்.

"அடியே, அதிர்ஷ்டக்காரிடி நீ! ஒரு துளி பிழிஞ்சு குடு, என் மருமக வாயில ஊத்துறேன். அப்பவாவது அடங்குறாளா பாப்போம்."

தாப்சை சிரிக்கவில்லை.

"ஆளுநரோட ஆளுங்க தூபச்சட்டியத் தூக்கிட்டு இன்னிக்கு நம்ம தெருவுக்கு வர்றாங்களாம், அவங்க சாமிக்குச் சாம்பிராணி போடச் சொல்லி. போடாம அக்கா மாதிரி நில்லு. நாக்க அறுத்தப்பகூட சரின்னு அவ தலை ஆடலியே." சென்மூத்தி கட்டிலின் ஓரத்தைத் தட்டினாள். "இதுல இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்குடி."

அவள் போனதும் தாப்சையின் கணவன் பாமூன் குரலைத் தாழ்த்தினான். "உங்க அக்காவுக்கு என்ன, பிள்ளையா குட்டியா? நீ ஒரு சிட்டிகை சாம்பிராணியப் போட்டுடு. பால் குடிக்கிற புள்ள இருக்கு."

"போட்டுடறேன்," என்றாள், உள்ளறைக்குக் கேட்டுவிடாதபடி.

உள்ளே கட்டில் முனகியது.

காற்றாக இருக்கும். வெயிலில் மரம் விரிந்திருக்கும். அவள் குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்தபடி, தெருவில் கழுதைகள் போகும் சத்தத்தையும், அடுப்பில் பயறு கொதிக்கும் சத்தத்தையும், அவற்றுக்கு அடியில் துணி மெல்ல நெகிழ்வதுபோன்ற இன்னொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள். விலா எரிந்தது. பால் குடித்து நிமிர்ந்த குழந்தையின் கன்னத்தில் சிவப்பு.

ஆடையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் தோலில் வரிவரியாகக் கீறல்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று ஆழமானது.

குழந்தையை அப்படியே இடுப்பில் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒற்றைக் கையால் அக்காவின் துணியைப் பிரித்தாள். ஒரு சுற்று. இன்னொன்று. சீப்பு கிழித்த விலா வழவழப்பாக இருந்தது. குளித்து வந்தவளுடையதுபோல. தொட்டாள்.

சூடு.

வாசல் கதவை யாரோ உதைத்தார்கள்.

இரண்டு சிப்பாய்கள். ஒருவன் கையில் புகையும் சட்டி. "சீக்கிரம் போடும்மா, கை சுடுது. சாமி காத்திருக்கும், என் விரல் காத்திருக்காது."

குழந்தையோடு வெளியே வந்தவளைப் பாமூன் முன்னால் தள்ளினான். அவள் சாம்பிராணியைக் கிள்ளினாள்.

"போடுவியா, மாட்டியா? வாயத் திறந்து சொல்லு."

போடுறேன் என்று சொல்லப் பார்த்தாள். வாய்க்குள் எதுவோ அறுந்தது. சூடாக, உப்பாக நிறைந்தது. நாக்கைத் தேடினாள்.

இல்லை.

"போட மாட்டேன். நான் கிறிஸ்தவள்."

தாப்சையின் குரல். உள்ளறையிலிருந்து.

சிப்பாயின் சிரிப்பு நின்றது. மூடியிருந்த அவள் உதடுகளைப் பார்த்தான். பாமூன் அலறினான். "ஏய், என்ன சொல்ற? புள்ளைய நெனச்சுப் பாருடி!"

நான் இல்லை. நான் இல்லை. வாயைத் திறந்தாள். இரத்தம் குழந்தையின் தலைமேல் கொட்டியது. குழந்தை அழவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துச் சிரித்தது.

அவிழ்ந்த துணி தரையில் இழுபட, பச்சைப் பால் வாசனையோடு ஒரு கை இருட்டிலிருந்து நீண்டது. குழந்தை தாயைக் கண்டதுபோல இரண்டு கைகளையும் விரித்து அதனிடம் தாவியது.