பேர் கொடுத்தவர்

கையில் சூரை நெய் ஒட்டியிருந்தால் உள்ளக்கோல் பலகை மனசைப் படிக்காது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அதனால் சுயம்புக்கனி காலையிலிருந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் சாம்பல், பிறகு எலுமிச்சைத் தோல், பிறகு சீயக்காய். ஆயுசெல்லாம் சூரை மீனை அவித்து, புகைபோட்டு, மாசிக் கருவாடாக்கிய கை. ஒரு நாளில் போகிற நெய்யா அது?

"போதும் அண்ணாச்சி, தோல் உரிஞ்சிரும்," என்றான் மூசா, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றியபடி.

"உரியட்டும்ல. இந்தத் தடவை நடுவுல ஒரு பய நிக்கக் கூடாது. என் கை, அந்தப் பலகை, அம்புட்டுதான். கட்சிக்காரன் வாய்வழியாப் போற வேலையே கிடையாது."

மூசா சிரித்தான். அவன் ஊர் மாலத்தீவில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கடல் இருக்கிறது. தீவுகள் ஒவ்வொன்றாக முழுகியபோது தோணியேறித் தூத்துக்குடிக்கு வந்தவர்களைக் கரையேறியவர்கள் என்பார்கள். கரையேறியவனுக்குக் குடியெண் கிடையாது. எண் இல்லாதவன் கைப்பேசி வாங்க முடியாது, வாடகைக்கு அறை எடுக்க முடியாது, பஸ்ஸில் கூட ஏற முடியாது. எண் உள்ள உள்ளூர்க்காரர் ஒருவர் தன் பேரைக் கொடுக்க வேண்டும். மூசாவுக்குப் பேர் கொடுத்தவர் சுயம்புக்கனி. போன மாசிப் பனியில் மூசாவுக்குக் காய்ச்சல் வந்து ஊசி போட்டபோது, ஆஸ்பத்திரிக் கணக்கில் காய்ச்சல் வந்து படுத்தது சுயம்புக்கனிதான்.

தெருவில் பேர் கொடுக்காத வீடு கிடையாது. மரவாடி வைத்திருக்கிறவர் கொடுத்திருந்தார், மக்ரூன் கடைக்காரர் கொடுத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையில் தகப்பனார் பேருக்குக் கீழே 'நால்வருக்குப் பேர் கொடுத்தவர்' என்று அச்சடிக்கிற வழக்கமே வந்துவிட்டது. கரையேறியவனுக்குக் கூலி பாதிதான் என்பதைப் பத்திரிகையில் போடுவதில்லை. அதில் யாருக்கும் உறுத்தலும் இல்லை. கடலில் செத்திருக்க வேண்டியவனுக்குச் சோறு போடுகிறோம் என்றுதான் எல்லாரும் நிஜமாகவே நினைத்தார்கள்.

ஆனால் வேலைக்கு வருகிறவனுக்கு மட்டும்தான் பேர் கொடுக்கலாம். குடும்பம் கரைக்கு வர விதியில்லை. மூசாவின் மனைவி ஹவ்வாவும் மகளும் கடலுக்குள் மிதவை முகாமில் கிடந்தார்கள். பெரிய பெரிய தெப்பங்களைச் சங்கிலியால் பிணைத்த ஊர் அது. மகள் பிறந்ததே அங்கேதான். தரை ஆடாமல் நிற்கும் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னால் நம்பமாட்டாளாம்.

கரையேறியோர் சட்டம் என்று ஒன்று வந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும். ஆளுக்கொரு எண், குடும்பத்தோடு கரை. நங்கூரக் கட்சி அதைக் கொண்டுவருவோம் என்று சொல்லி ஜெயித்தது. ஜெயித்ததும் குழு போட்டது. அடுத்து பனைமரக் கட்சி சொல்லி ஜெயித்தது. பழைய குழுவைக் கலைத்துப் புதுக் குழு போட்டது. கேட்டால் இவன் அவன் தடுக்கிறான் என்பான், அவன் இவன் தடுக்கிறான் என்பான். நங்கூரக் கட்சி வார்டு செயலாளர் பால்வண்ணன் போன தேர்தலுக்குக் கும்பிட்டுக்கொண்டு வந்தபோது சுயம்புக்கனி ஒரு சூரைத் தலையை எடுத்து அவன் கார்மேல் எறிந்தார். தெருவே கைதட்டியது.

அப்படிக் கடற்கரை முழுக்க ஜனங்கள் கொதித்துப் போய்க் கேட்டு வாங்கியதுதான் உள்ளக்கோல். வாய் பேச முடியாத நோயாளிக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிக்க யாரோ மருத்துவர்கள் செய்த கருவி. உள்ளங்கையை வைத்தால் ரத்த ஓட்டத்தையும் வியர்வையையும் நரம்புத் துடிப்பையும் பார்த்து ஆளுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லிவிடும். இனி இந்தச் சட்டத்தை எந்தக் கட்சியும் பேச வேண்டாம், எங்கள் மனசை நேராக அளந்து அதன்படி செய் என்று போராடினார்கள். இரண்டு கட்சியும் ஒரு வார்த்தை எதிர்க்கவில்லை. பயந்துட்டானுவ என்று சுயம்புக்கனி நினைத்தார்.

உள்ளக்கோல் சாவடி போட்டிருந்த பள்ளிக்கூட வாசலில் கோயில்பிச்சை நின்று கத்திக்கொண்டிருந்தான். முன்னால் சுயம்புக்கனியின் கொட்டகையில் வேலை பார்த்தவன். மூசா வந்தபின் வேலை இல்லாமல் மீன் வண்டி தள்ளுகிறான்.

"இவனுவள வந்த தோணியிலயே ஏத்தி அனுப்புங்கவே! ஊரு கெட்டுப்போச்சு!"

"ஏல, மனுசனாப் பொறந்திருந்தா இப்பிடிப் பேசுவியா?" என்று ஏசிவிட்டு சுயம்புக்கனி உள்ளே போனார். வாக்கு இல்லாத மூசா மதிலோரம் வெயிலில் நின்றான்.

உள்ளே ஒரு பெண் அதிகாரி. மேசைமேல் கறுப்புப் பலகை. கையை வைத்தார். லேசாகச் சூடாக இருந்தது, பூனை வயிற்றைத் தொட்ட மாதிரி. முதலில் பலகை மனசைப் பழகிக்கொள்ள வேண்டுமாம். மழை வேண்டுமா, பேரப்பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்டாள். பிறகு கேட்டாள்.

"கரையேறினவங்க சொந்த எண்ணோட, சொந்தப் பேர்ல தொழில் செய்யலாம்னு சட்டம் வரணுமா ஐயா?"

"வரணும்! நல்லா வரட்டும்!" என்றார் சத்தமாக. மதிலுக்கு அந்தப் பக்கம் மூசாவுக்குக் கேட்டிருக்கும்.

பலகையின்மேல் அவருடைய பெருவிரல் மடங்கியது. அவர் மடக்கவில்லை. நிமிர்த்தி வைத்தார். நெய் போகாமல் வழுக்குகிறது என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் முடிவு வந்தது. கடற்கரை நெடுகச் சட்டம் வேண்டாம் என்று உள்ளக்கோல் சொல்லிவிட்டது. கொஞ்ச நஞ்சமல்ல, வாரிக் கொட்டியிருந்தது. அந்தந்தச் சாவடிக் கணக்கை வாசலிலேயே ஒளிப்பலகையில் போட்டார்கள். தெருவே பட்டாசு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தது.

வேண்டும்: ஒருவர்.

மற்ற எல்லாரும் வேண்டாம்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு மக்ரூன் கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "மிஷின்ல ஏதோ பண்ணிட்டானுவ." அதுதானே என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். நாற்காலி ஒன்று உடைந்தது. பால்வண்ணனைத் தேடிப் போனார்கள்.

பால்வண்ணன் ஓடவில்லை. சுயம்புக்கனி சட்டையைப் பிடித்ததும் பொறுமையாக அவர் கையை விலக்கினான்.

"அண்ணாச்சி, சட்டையை விடுங்க, புதுசு. நாங்க ஒண்ணும் பண்ணல. இத்தனை வருசமா வீடு வீடா ஏறி இறங்குதோமே, நீங்க சொல்லுததைக் கேக்கவா வாறோம்? சொல்லும்போது மூஞ்சி எங்க போவுதுன்னு பாத்துட்டுப் போவோம். அதுக்குத் தக்கனதான் குழு போடுதோம்."

"என்னல சொல்லுத?"

"பாவம் எங்க கட்சி. உங்களுக்காக ஏச்சு வாங்கிச்சு. இனிமே அந்த வேலை மிச்சம்."

சுயம்புக்கனிக்கு அவனை அறைய வேண்டும் போலத்தான் இருந்தது. கை எழவில்லை. கொட்டகைக்குத் திரும்பினார். மூசா அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். கொப்பரையில் சூரை வெந்துகொண்டிருந்தது.

"மூசா, அந்த ஒண்ணு நான்தாம்ல," என்றார். கேட்காமலே சொன்னார்.

மூசா தலையாட்டினான். இன்னொரு தடவையும் சொன்னார். மறுநாள்தான் தெரிந்தது, தெருவில் பேர் கொடுத்த ஒவ்வொருவரும் தன் ஆளிடம் அதையேதான் சொல்லியிருந்தார். மரவாடிக்காரர் அழுதே விட்டாராம்.

உள்ளக்கோலில் ஒரு வசதி வைத்திருந்தார்கள். சந்தேகம் உள்ளவர் திரும்பவும் வந்து கையை வைத்தால், அவருடைய மனசு என்ன சொன்னது என்று அவருக்கு மட்டும் காட்டும். அந்த வாரம் முழுக்க அதிகாரிப் பெண் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிஷினில் மோசடி என்று நாற்காலியை உடைத்த தெருவிலிருந்து ஒருத்தர்கூடப் போகவில்லை. சுயம்புக்கனி ஒருநாள் மதில்வரைக்கும் போனார். கையில் நெய் இருக்கிறது என்று திரும்பி வந்தார்.

ஒரே ஒருவன் போயிருந்தான்.

டீக்கடையில் மூசாவும் சுயம்புக்கனியும் நின்றபோது கோயில்பிச்சை வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். அவன் முகத்தில் ஒரு திகைப்பு இருந்தது. சொந்த வீட்டில் இதுவரை தெரியாத அறையைக் கண்டுபிடித்தவன் மாதிரி.

"வே சுயம்பு. அந்த ஒத்த ஆளு நான்தாம்வே."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "இவனும் வந்துட்டான்யா!"

"சிரிக்காதிய. கையை வச்சுப் பாத்துட்டுதான் வாறேன். ஆத்தா சத்தியமா. பள்ளிக்கூடத்துக்குள்ள போய் ரெண்டு தடவை வச்சேன்."

"நீ இவனுவள அனுப்பணும்னுல்லால கத்துன?" என்றார் சுயம்புக்கனி.

"கத்துனேன். இப்பமும் கத்துவேன், எனக்கு இவனைப் பிடிக்காது." மூசாவைப் பார்த்தான். மூசாவும் அவனைப் பார்த்தான். "ஆனா இவனுக்குன்னு ஒரு நம்பரு வந்துட்டா, இவனுக்கும் எனக்கும் ஒரே கூலில்லா நீரு கொடுக்கணும்? அப்ப என்னைய எதுக்குவே வேண்டாம்பீரு? இது எனக்கே தெரியாது. அந்தப் பலகைக்குத் தெரிஞ்சிருக்கு, பாரும்."

யாரும் சிரிக்கவில்லை. கோயில்பிச்சை டீ குடிக்காமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

கொட்டகைக்கு வருகிற வழியெல்லாம் மூசா பேசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'நீங்கதான் அந்த ஒண்ணுன்னு சொன்னீயளே' என்று கேட்டிருந்தால், பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம். சோறு போட்டதை, ஊசி போட்டதை எல்லாம் சொல்லியிருக்கலாம். மூசா கேட்கவில்லை. வந்ததும் கொப்பரையின் கீழே விறகைத் தள்ளினான், வெந்த சூரையை எடுத்து முள் நீக்கினான். சதை நான்கு பாளமாக, கத்தி படாதது போலப் பிரிந்தது. சொந்தக் கொட்டகை போட்டால் இவன் சரக்குக்கு முன்னால் நம் சரக்கு நிற்குமா என்று சுயம்புக்கனிக்குத் தோன்றியது. தோன்றியதும் திடுக்கிட்டார். இது புதிதாக வந்த நினைப்பு இல்லை. பலகையில் கை வைத்த நேரம் இருந்தது. அதற்கு முன்னால் எத்தனை வருஷமாக இருந்ததோ.

கைப்பேசி அடித்தது. மூசாவின் கைப்பேசி, சுயம்புக்கனி பேரில் வாங்கியது.

"ஹவ்வா," என்றான் மூசா. எடுக்கவில்லை.

"பேசுல."

"என்னத்தப் பேச அண்ணாச்சி? ஒரு வாரமா நான் எடுக்கல. முன்னால கட்சிக்காரனாவது வரும் வரும்னு சொல்லுவான். அதையே நான் அவகிட்டச் சொல்லுவேன். குழு போட்டிருக்கு, பேசிக்கிட்டிருக்காவன்னு. அவளும் பிள்ளைக்குச் செருப்பு தச்சு வச்சிருக்கா, தரையில நடக்குததுக்கு. இப்பம் யாருமே வரும்னு சொல்ல மாட்டேங்காவ. இனி பத்து வருசத்துக்கு அளக்கவே மாட்டாவளாம்." கைப்பேசியை நீட்டினான். "நீங்க சொல்லுங்க. என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க."

சுயம்புக்கனி வாங்கினார். நெய்க் கை, கைப்பேசி வழுக்கியது.

"அண்ணாச்சியா?" என்றது குரல். முகாமில் பழகிய தமிழ். பின்னால் சங்கிலி உரசும் சத்தமும் ஒரு பிள்ளையின் சத்தமும். "சட்டம் என்னாச்சு அண்ணாச்சி? இங்க ஆளுக்கொண்ணு சொல்லுதாவ. ஊர்க்காரங்களே வேண்டாம்னுட்டாங்களாமே? நீங்களுமா?"

அவர் வாயைத் திறந்தார். ஆமாம்மா, நானும்தான் என்ற சொல் நாக்குவரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அந்தப் பக்கம் என்ன ஆகும் என்று அவரால் யோசிக்க முடியவில்லை. இந்தப் பக்கம் என்ன ஆகும் என்று தெரிந்தது. நாளைக்குக் காலையில் மூசா இருக்கமாட்டான்.

"யார்மா சொன்னது? எல்லாம் கட்சிக்காரப் பயலுவ சதி," என்றார். சொல்லச் சொல்லக் குரல் தெளிந்தது. "டில்லியில ஆளு போய்ப் பேசிக்கிட்டிருக்கு. அடுத்த கூட்டத்தொடர்ல கண்டிப்பா வந்துரும். நீ பிள்ளைய வச்சுக்கிட்டு தைரியமா இரு தாயி. நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்? நான் பொறுப்பு."

மூசா கைப்பேசியை வாங்கி, தன் பாஷையில் கொஞ்ச நேரம் பேசினான். வைத்துவிட்டு மறுபடியும் சூரையின் முன்னால் உட்கார்ந்தான்.

"என்ன சொல்லுதா?" என்று கேட்டார் சுயம்புக்கனி.

"நம்பிட்டா அண்ணாச்சி." மூசா நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவளுக்கு ஒரு ஓட்டு இருந்தா உங்களுக்குத்தான் போடுவாளாம்."